சீழ் இல்லை, ஜெல்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஆய்வகம் செய்த புண் பட்டையை மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கும் சோதனையிலிருந்து இன்றும் ஒருவரை நீக்கிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் மூன்றாவது ஆள். டிரெஸ்ஸிங் அறை நர்ஸ் பட்டையைப் பிரித்தாளாம். அடியில் வெள்ளையாகக் கொழகொழவென்று இருந்ததாம். "சீழ் பிடித்துவிட்டது" என்று படிவத்தில் எழுதி, எங்கள் பட்டையைக் குப்பையில் போட்டு, பழையபடி பஞ்சும் துணியும் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டாள்.

அது சீழ் இல்லை. எங்கள் ஜெல். புண்ணில் கசியும் நீரைக் குடித்து ஊதி, ஓரம் கரைந்து வெள்ளையாகும். அதற்காகத்தானே அதைச் செய்தோம்! நீரைக் குடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் கிருமி மருந்தை மூன்று நாளைக்கு மெதுவாக விட வேண்டும், பிரிக்கும்போது புதுத் தோலைப் பிய்த்துக்கொண்டு வரக் கூடாது. மூன்று வருடமாக உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைத்து, எத்தனை தட்டுகளைக் கொட்டியிருப்பேன்! அதை ஒரு பார்வையில் சீழ் என்று எழுதிவிட்டுப் போகிறாள்.

இருபது பேர், ஆறு வாரம். இன்னும் ஒருவர் இப்படிப் போனால் மருத்துவமனை சோதனையையே நிறுத்திவிடும். பக்கத்து மேசைத் தோழி தராசிடம் கத்தினேன். மூன்று முறை நிறுக்காமல் எதையும் நம்பாதவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தான். "என்கிட்ட ஏன் கத்துற? நர்ஸுக்குப் புரியிற மாதிரி எழுதிக் குடு" என்றாள். எழுதிக் கொடுக்கிறேன். பெரிய எழுத்தில்.

மார்ச் 6, வியாழன்

அண்ணனையும் சோதனையில் சேர்த்துக்கொண்டார் மருத்துவமனை டாக்டர். காலியான மூன்று இடத்தில் ஒன்று.

நான் கேட்கவில்லை. அவனேதான் போய் நின்றிருக்கிறான். வலது பாதத்தில், கட்டைவிரலுக்கு அடியில், நாலு மாதமாக ஆறாத புண். ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது, அதோடு ஒரு நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியிருக்கிறான். சர்க்கரை முற்றிப் பாதத்தில் உணர்ச்சி இல்லை, எப்படித் தெரியும்? சாயங்காலம் காலுறை ரத்தமாக இருந்ததை அண்ணிதான் பார்த்தாள். மே மாதம் ஓட்டுநர்களுக்கு உடல்தகுதிச் சோதனை. அதற்குள் ஆறாவிட்டால் வண்டியைத் தொட முடியாது. இருபத்திரண்டு வருடமாக அந்த வலது கால்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்க அண்ணன்னு தெரிஞ்சுதான் சேத்துக்கறேன். ஆனா நீங்க அவர் காலைப் பாக்கக் கூடாது, கட்டு மாத்தக் கூடாது, அவர் கேஸ் தாளைத் தொடக் கூடாது. கண்டிப்பா." தலையாட்டினேன். வீட்டில் மூன்று நாளைக்கு ஒரு முறை அண்ணி மாற்றுவாள். வாரம் ஒரு முறை நர்ஸ்.

மார்ச் 8, சனி

அட்டை தயார். டிரெஸ்ஸிங் அறைச் சுவரில் நானே ஒட்டினேன். நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் தாளிலும் அதே வரி:

வெள்ளையாக வந்தால் பயப்படாதீர்கள். அது சீழ் இல்லை, ஜெல்.

நர்ஸ் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள். "சரிங்க ஜெல்லம்மா, இனிமே உங்க புள்ளையைக் குப்பையில போடமாட்டேன்." அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. ஒட்டிக்கொள்ளட்டும்.

மார்ச் 14, வெள்ளி

யாரும் போகவில்லை! பதினெட்டு பேரில் பதினொரு பேருக்குப் புண் சுருங்கியிருக்கிறது. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்களாம்: "வெள்ளையா இருக்கா? சீழ் இல்லைங்க, ஜெல்." பாட்டுபோலப் பாடுகிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். ஆய்வக மேலாளர் என் மேசைக்கே வந்து கைகுலுக்கினார். ஒரு வரிதானே எழுதினேன் என்று அடக்கமாகச் சொன்னேன். உள்ளுக்குள் அடக்கம் ஒன்றும் இல்லை.

அண்ணன் போனில்: "ஒத்த ரூபா காசு அளவு இருந்துச்சு, இப்ப சட்டைப் பொத்தான் அளவு. டாக்டருக்கே கண்ணு விரியுது." நான் பார்க்கக் கூடாதே தவிரக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

அண்ணி போன் செய்தாள். கட்டு மாற்றும்போது ஏதோ வாடை வருகிறதாம்.

ஜெல்லுக்கென்று ஒரு வாசனை உண்டு, பிசின் மாதிரி இருக்கும் என்றேன்.

"பிசின் மாதிரி இல்லையேம்மா. வேற மாதிரி. வெள்ளையாவும் நிறைய வருது."

"அது சீழ் இல்ல அண்ணி, ஜெல். தாள்லயே போட்டிருக்கே, படிக்கலையா?"

கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன். தராசு ஒரு தட்டோடு எதிரில் காத்துக்கொண்டு நின்றாள். அண்ணி "சரி, உனக்குத் தெரியாததா" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

அண்ணன் நர்ஸிடம் போய்வந்தான். அவளும் பார்த்துவிட்டு "ஜெல்தானே" என்று துடைத்து, புதுப் பட்டை வைத்து அனுப்பினாள். அவனே போனில் சொல்லிச் சிரித்தான்: "உன் ஜெல்லு எங்கிட்ட மட்டும் ரொம்பத் தாராளமா இருக்கு, சொந்தக்காரன்னு தெரிஞ்சுபோச்சு போல." உனக்குக் கசிவு அதிகம், அதனால் அதிகமாக ஊதுகிறது என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

மார்ச் 22, சனி

கசிவு அதிகமானால் மருந்தும் மூன்று நாள் ஆவதற்கு முன்பே தீர்ந்துவிடுமே? திங்களன்று தராசிடம் சொல்லிச் சோதிக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு அண்ணி. "நடுங்குறார்மா, போர்வை போத்தியும் நடுங்குறார். கால் கணுக்கால் வரைக்கும் செவந்திருக்கு." டாக்டர் சொன்னது, அந்தக் கண்டிப்பு, எதுவும் நினைவில் இல்லை. ஓடினேன்.

கட்டைப் பிரித்தேன். வாசலிலேயே வாடை வந்திருந்தது. பிசினாம் பிசின்! வெள்ளை நிறைய இருந்தது. உப்புநீர் ஊற்றிக் கழுவினேன். ஜெல் என்றால் கழுவினால் போய்விடும். போனது. அப்புறம் விரலால் பக்கத்தில் லேசாக அழுத்தினேன். உள்ளேயிருந்து மறுபடி வந்தது. மறுபடி கழுவினேன். மறுபடி வந்தது. அண்ணி பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள். சீழ். சுத்தமான சீழ்.

எத்தனை நாளா? நான் பிசின்னு சொன்ன நாளிலிருந்தா? அதுக்கும் முன்னாடியா?

இப்போது சேர்த்திருக்கிறார்கள். நாளைக் காலை அறுவை. எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். "விரலோட நின்னா நல்லது" என்றார். நின்னா.

மார்ச் 25, செவ்வாய்

கட்டைவிரலும் பக்கத்து விரலும். எலும்பில் ஏறியிருந்ததாம். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்பார்களாம்.

மார்ச் 26, புதன்

அண்ணி வார்டுக்கு வெளியே என்னை நிறுத்தினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"போன புதன்கிழமையே உன்னைக் கேட்டேன். கேட்டேனா இல்லையா? உன் பேச்சைக் கேட்டு என் மூக்கையே நான் நம்பல. படிச்சவ சொல்றா, நமக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன்."

"அண்ணி..."

"எல்லாத்தையும் ஒரே வெள்ளையா செஞ்சு வெச்சா, பாக்கறவளுக்கு எது எதுன்னு எப்படிடி தெரியும்? இனிமே அந்த எழவை என் வீட்டு வாசப்படி ஏத்தாத. நீயும் பேச வராத."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை, அதை நம்பினவன். ஆறு வயதில் அண்ணன் முதுகில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். அவன் காலைத்தான் கெடுத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். சோதனையில் யாருக்காவது பாதிப்பு வந்தால் ஒரு வாரத்துக்குள் மருத்துவமனைக் குழுவுக்கு அறிக்கை போக வேண்டும். திங்கள் கடைசி. அதில் ஒரு கேள்வி: சிகிச்சை தாமதமானதற்குக் காரணம்?

"நோயாளி அறிகுறி தெரிந்தும் தாமதமாக வந்தார்னு போடுங்க" என்றார். "பொய் இல்லையே. வாடை வந்து அஞ்சு நாள் கழிச்சுத்தானே வந்தாரு?"

"நடுவுல நர்ஸ்கிட்ட வந்தாரு சார். என்கிட்டயும் கேட்டாங்க."

"உங்ககிட்ட கேட்டது எந்தத் தாள்ல இருக்கு?"

எந்தத் தாளிலும் இல்லை. நர்ஸ் அன்று தாளில் எழுதியது ஒரே சொல்: ஜெல். என் அட்டையைப் பார்த்து எழுதியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி இதை மறைக்கலாம் என்கிறார் இவர். மறைந்தும் விடும், அதுதான் பயம். "மூணு வருஷ உழைப்பு. உங்க ஒருத்தரோடது இல்ல, இங்க இருக்கற எல்லாரோடதும்" என்றார். அதுவும் பொய் இல்லை.

மார்ச் 29, சனி

அண்ணி இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். திருடி மாதிரி.

அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "வா வா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க, எனக்குக் காலுக்கு வந்தது விரலோட போச்சு" என்றான். நான் அழுதேன்.

அறிக்கை விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. "நான் லேட்டா வந்தேன்னே எழுது. என்ன இப்ப? எனக்கு வெரல் திரும்ப முளைக்கப்போறதில்ல. உனக்காவது வேலை நிக்கட்டும்."

"அண்ணா, நீ லேட்டா வரல."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். போதாதா?"

கட்டுப் போட்ட காலை அவன் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. மே மாதச் சோதனையைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

எழுதிப் பார்த்தேன். "நோயாளி அறிகுறி தெரிந்தும் தாமதமாக மருத்துவமனைக்கு வந்தார்." வரி நன்றாகவே இருக்கிறது. இலக்கணப் பிழைகூட இல்லை. அவனே சொல்லிவிட்டான், நர்ஸும் தப்பிப்பாள், அவளுக்கு வேலை போனால் யார் கொடுப்பார்கள்? ஜெல் நல்ல ஜெல். பதினொரு பேருக்கு ஆறுகிறது. ஒருத்தி வாய்க்கொழுப்புக்காக அது ஏன் சாக வேண்டும்?

இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு பகல் முழுக்க வாதாடினேன். சாப்பிடவில்லை.

மார்ச் 31, திங்கள்

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கொடுத்திருப்பேன். உண்மையைச் சொல்ல வேண்டும், கொடுத்திருப்பேன்.

பத்து மணிக்கு நோயாளிகளுக்கான போன் அடித்தது. சலவைக்கடை வைத்திருக்கும் அம்மா, இஸ்திரிப் பெட்டி விழுந்து குதிகாலில் புண்.

"ஜெல்லம்மாதானே? கட்டுப் பிரிச்சா வெள்ளையா இருக்குதுங்க."

நான் மூச்சை இழுத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துக்கொண்டு, "அட, சீழ் இல்ல, ஜெல்லுதானே! நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்களே, சும்மா உங்களைப் போயி தொந்தரவு பண்றேன்" என்று வைக்கப் போனார்.

"வைக்காதீங்கம்மா! வைக்காதீங்க! இப்பவே கிளம்பி வாங்க. ஆட்டோ பிடிச்சு வாங்க."

"ஐயோ, ஏன்? சீழா?"

"தெரியாதும்மா. எனக்குத் தெரியாது. பாத்தாத்தான் தெரியும்."

இந்த மூன்று வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். பதினேழு பேர் பதினேழு வீட்டில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, கேள்வியும் அவர்களே கேட்டு, பதிலும் அவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் லேட்டாக வந்தான் என்று நான் எழுதினால், அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.

பையிலிருந்த தாளைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன்: நோயாளியின் மனைவி ஐந்து நாள் முன்பே வாடையைச் சொன்னார். அது ஜெல் என்று சொன்னது நான். நர்ஸ் ஏமாந்ததும் நான் எழுதிய அட்டையால். எல்லாரையும் இன்றே கூப்பிட்டுக் கழுவிப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டு, மேலாளரிடம் கொடுக்காமல், நேரே குழுவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அட்டையை நகத்தால் சுரண்டி எடுத்தேன். நான் போட்ட பசை, லேசில் வரவில்லை. நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு ஒரு ஈரத் துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

பதினேழு பேரும் வந்துவிட்டார்கள். சலவைக்கடை அம்மாவுக்கு வெறும் ஜெல். கழுவினதும் அடியில் ரோஜா நிறத்தில் புதுச் சதை. "இதுக்கா இப்படி ஓட விட்டீங்க!" என்று திட்டினார். திட்டட்டும், திட்டட்டும்.

பதினாறாவதாக வந்தவர் ஒரு பள்ளிக்கூடக் காவலாளி. அவருக்குக் கழுவக் கழுவ வந்தது. ஆரம்பம்தான். டாக்டர் அங்கேயே கீறிச் சுத்தம் செய்தார். நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார், பத்து விரலோடும்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சோதனை நிறுத்தம். நான் திட்டத்திலிருந்து நீக்கம். இனி எனக்கு அலமாரி வேலை: பட்டைகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்து எப்போது கெடுகின்றன என்று குறிப்பது. மேலாளர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எதிர்பார்த்ததுதான். என் மேசை தராசுக்கு. அவள் உட்காராமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "உக்காருடி, கடிக்காது" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

குளிர் அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது அண்ணி சொன்னது மறுபடி காதில் விழுந்தது. எல்லாத்தையும் ஒரே வெள்ளையா செஞ்சு வெச்சா.

மூன்று வருடமாகப் பளிங்கு மாதிரி இருக்க வேண்டும், ஒரு துளி நிறம் இருக்கக் கூடாது என்று வெறி பிடித்து அலைந்தோம். ஏன்? ஜெல்லே நீலமாக இருந்தால்? கரைந்து வந்தாலும் நீலம்தானே வரும். நீலமாக இல்லாத எதுவும் எங்களுடையது இல்லை. யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டாம், யார் சொல்லையும் நம்ப வேண்டாம்.

தராசிடம் சொன்னேன். "சாயம் மருந்தோட சேந்து என்ன பண்ணும்னு தெரியாம வாயைத் திறக்காத" என்றாள். அரை மணி கழித்து, "எத்தனை நிறம் பாக்கலாம்?" என்று அவளே வந்தாள்.

மே 9, வெள்ளி

ஏழாவது நீலம். முதல் ஆறும் தோலில் பிடித்துக்கொண்டன. என் முன்கை திருவிழாப் பந்தல் மாதிரி இருக்கிறது. இது கழுவினால் போகிறது. ஆட்டு ரத்தநீரில் ஊறவைத்து, சில தட்டில் மட்டும் சீழ் மாதிரி மாவுக் கரைசலைக் கலந்து, எதில் என்று சொல்லாமல் டிரெஸ்ஸிங் அறை நர்ஸை அழைத்துவந்து காட்டினோம். இருபது தட்டு. இருபதையும் சரியாகச் சொன்னாள். "இது என்ன பிரமாதம், கண்ணு இருந்தா போதுமே" என்றாள். அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

மே 22, வியாழன்

உடல்தகுதிச் சோதனையில் அண்ணனை நிராகரித்துவிட்டார்கள். தெரிந்ததுதான்.

அவன் போன் செய்து சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "டிப்போல உக்கார வைக்கறாங்க. மைக்ல கூப்பிடற வேலை. நான் சொன்னாத்தான் இனி வண்டியே கிளம்பும், பாத்துக்க." பின்னாலிருந்து அண்ணி "யாரு போன்ல?" என்றாள். அவன் "ஆபீஸ்" என்றான்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது சுற்றுக்கு அனுமதி. நீலப் பட்டை. இந்த முறை தீக்காயங்களும் சேர்ப்பு. பொறுப்பு தராசு. வீட்டுக்குக் கொடுக்கும் தாளை அவள் எழுதி, நர்ஸிடமும் சலவைக்கடை அம்மாவிடமும் படிக்கக் கொடுத்துத் திருத்தினாள்: கழுவுங்கள். நீலம் போன பிறகும் ஏதாவது வந்தாலோ, வாடை வந்தாலோ, அன்றே வாருங்கள். யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

என் பெயர் எங்கும் இல்லை. சரிதான்.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் போன். அண்ணி. நாலு மாதத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் திரையில் வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணனுக்கு என்னவோ என்றுதான் நினைத்தேன்.

"வீட்டுல இருக்கியா? வா."

அவ்வளவுதான். போனேன். அண்ணன் டிப்போவில். அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள், இடது முன்கையில் ஈரத் துணி. காலையில் குக்கர் மூடியைத் திறக்கும்போது ஆவி அடித்துவிட்டதாம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு எங்கள் நீலப் பட்டைப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். அது பிரிக்காமல் மேசையில் இருந்தது.

"நர்ஸு அங்கயே போட்டு விடறேன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். எங்க வீட்டுலயே ஆள் இருக்கு, அவ போடுவான்னு சொல்லிட்டு வந்தேன்."

கை கழுவிவிட்டு வந்து, துணியை எடுத்தேன். தோல் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம். பொட்டலத்தைப் பிரித்து, பட்டையை நீளவாக்கில் பிடித்தேன்.

"அண்ணி, இது மொதல்ல கொஞ்சம் குளுகுளுன்னு..."

"பேசாம போடு."

போட்டேன். ஓரங்களை அழுத்தி, மேலே துணி சுற்றி, முடிச்சுப் போடும்வரை ஒரு சொல் பேசவில்லை. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போய் எனக்கு டீ போட ஒற்றைக் கையால் பாத்திரத்தை எடுத்தாள். நான் வாங்க முயன்றபோது விடவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வா. போன்லாம் வேணாம். வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்லு."

நாளை ஐந்தரைக்கு அலமாரி வேலை முடியும். நேரே போய்விட வேண்டும்.